மூடி கழற்றாத காவலாளி: சிங்கப்பூரில் தீயை அறிவிக்கும் கருவிகள் வந்த கதை



இதைப் படிக்கிற இடத்திலேயே ஒருமுறை நிமிர்ந்து கூரையைப் பாருங்க. ஆசிரியர் அறையோ வகுப்பறையோ துணைப்பாட நிலையமோ, எங்கே இருந்தாலும் சரி. கைப்பிடி அளவில் வட்டமாக ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டியிருக்கும். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு அதில் விட்டுவிட்டு மின்னலாம். அதை நாம் தினமும் பார்க்கிறோம், ஆனால் கவனிப்பதில்லை. அதன் பெயர் புகை உணர்கருவி. புகையைத் தேடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் வார இறுதி வாசிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கீழே சாப்பாட்டுக்கடை, மேலே நாங்கள். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். இறங்குவதற்கு ஒரே ஒரு குறுகலான மரப்படி. ஒருநாள் மின்விசிறியைப் பழுதுபார்க்க ஒரு தம்பி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். அதற்கு முன் தீ எச்சரிக்கை அமைப்பு பொருத்தும் வேலையில் இருந்தவராம். ஏணியில் ஏறியவர் விசிறியை விட்டுவிட்டு வேறு ஒன்றையே உற்றுப் பார்த்தார்.

“அக்கா, இந்த டிடெக்டருக்கு மூடி போட்டே இருக்கே. யாரும் கழட்டலையா?”

எனக்கு அவர் சொன்னது புரியவில்லை. அந்த மஞ்சள் பிளாஸ்டிக் மூடியும் கருவியின் ஒரு பகுதி என்றுதான் இரண்டு ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அவர் அதைக் கழற்றி என் கையில் வைத்தார். “இது கம்பெனியிலேயே போட்டு அனுப்புறது அக்கா. சுண்ணாம்பு, சிமெண்டுத் தூசி உள்ளே போகக்கூடாதுன்னு. வேலை முடிஞ்சதும் எடுத்துடணும். இது இருந்தா புகையே உள்ள போகாது.”

படிக்கட்டு அருகே பராமரிப்பு ஏடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். சோதனை செய்ததாக வரிசையாக ‘சரி’ குறிகள். கடைசிக் குறி நான்கு மாதத்துக்கு முந்தையது.

பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு மரப்படியும் இருந்த அந்த அறையில் கண்ணைக் கட்டிய ஒரு காவலாளி நின்றிருக்கிறார். அந்த மூடியை யார் கழற்றியிருக்க வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றைப் படித்தேன். வகுப்பில் பயன்படுத்த உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

மனிதக் கண்கள் காத்த காலம்

தீயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி மனிதனின் கண்ணும் மூக்கும்தான். அவற்றை விழித்திருக்கச் செய்வதுதான் கடினம். அதனால்தான் ஊர்கள் காவலர்களை வைத்தன. மதுரைக்காஞ்சியில் ஊரே உறங்கும் நடுச்சாமத்தில் தெருவில் திரியும் காவலரைப் பார்க்கிறோம். அவர்கள் தேடியது திருடர்களை. ஆனால் இரவில் விழித்திருப்பவன் ஒருவன் இருந்தால் திருட்டும் தெரியும், தீயும் தெரியும்.

பழைய சிங்கப்பூரில் அந்த வேலையைச் செய்தவர்கள் ‘ஜாகா’க்கள். மலாய்ச் சொல். காவல் என்று பொருள். கிடங்குகள், வங்கிகள், கடைவீடுகளின் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் சீக்கியர்கள். உங்கள் பள்ளியில் பழைய படங்கள் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்க.

சிங்கப்பூர்த் தீயணைப்புப் படை 1888-ல் உருவானது. ஹில் ஸ்திரீட்டில் சிவப்புச் செங்கல்லும் வெள்ளைச் சாந்துமாக நிற்கும் மத்தியத் தீயணைப்பு நிலையம் 1908-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயரமான கோபுரத்தைப் பலரும் அழகுக்குக் கட்டியது என்று நினைப்பார்கள். அது காவல் கோபுரம். ஆட்கள் மேலே நின்று நகரத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கே புகை எழுந்தாலும் கீழே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு உயரமான கட்டடங்கள் குறைவு. இன்று அதே கோபுரத்தில் ஏறினால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். நகரம் உயர்ந்ததும் கோபுரத்தின் பார்வை மறைந்துவிட்டது. தெருமுனை எச்சரிக்கைப் பெட்டிகளும் தொலைபேசியும் உதவிக்கு வந்தன. ஆனாலும் தீயை முதலில் ஒரு மனிதர்தான் பார்க்க வேண்டியிருந்தது. யாரும் இல்லாத கிடங்கிலும், எல்லாரும் உறங்கும் மாடியிலும் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

வெண்ணெய், சிகரெட், மறுபடியும் சிகரெட்

ஆள் இல்லாத இடத்தில் தீயைப் பார்ப்பது யார்? இந்தக் கேள்வியோடு பல நாடுகளில் பலர் மல்லுக்கட்டினார்கள். 1890-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் அப்டனும் பெர்னாண்டோ டிபிளும் மின்சாரத் தீ எச்சரிக்கைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்டன் எடிசனோடு வேலை செய்தவர். 1902-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜார்ஜ் ஆண்ட்ரூ டார்பி ஒரு வெப்ப உணர்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த வேலையைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டு மின் தொடுமுனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வெண்ணெய். அறை சூடானால் வெண்ணெய் உருகும். முனைகள் ஒட்டும். மணி அடிக்கும். அவ்வளவுதான்.

வெண்ணெயில் ஒரு சிக்கல். அது உருகும்போது அறை ஏற்கெனவே சூடாகிவிட்டது. தீயில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம் அல்ல, புகை. அது வெப்பத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. தூங்குபவரை இருமி எழுப்பும் என்று நம்பிவிடாதீங்க. தூக்கத்தை ஆழமாக்கிவிடுகிற நச்சு வாயு அதில் இருக்கிறது.

புகையைப் பிடிக்கும் வழி ஒரு தோல்வியில் கிடைத்தது. 1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்ய முயன்றார். வாயு உள்ளே போனால் மின்னோட்டம் மாறும் என்று எதிர்பார்த்தார். முள் அசையவே இல்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். முள் சட்டென்று இறங்கியது. வாயு செய்யாததைப் புகையின் துகள்கள் செய்துவிட்டன. அவரோடு வேலை செய்த எர்ன்ஸ்ட் மெய்லி அந்தச் சிறு மாற்றத்தைப் பெருக்கிக் காட்டும் குழாயை உருவாக்கினார். 1941-ல் பாட் ராகாட்ஸ் என்ற ஊரில் இருவரும் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் செர்பெரஸ். கிரேக்கக் கதையில் கீழுலக வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. தூங்காத காவல் நாய். பெயர் வைப்பதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை!

1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் டுவேன் பியர்சால் வேறு ஒரு வேலையாக நிலைமின்சாரத்தை நீக்கும் கருவி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் புகைபிடிக்கும்போது அளவுமானி துள்ளுவதைக் கவனித்தார். இரண்டாவது சிகரெட்! அவரும் ஸ்டான்லி பீட்டர்சனும் சேர்ந்து மின்கலத்தில் ஓடும் வீட்டுக் கருவியை உருவாக்கினார்கள். 1970களின் நடுவில் அது தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் தயாரானது.

உள்ளே என்ன நடக்கிறது என்று மாணவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லலாம். பழைய வகையில் மிகச் சிறு அளவு அமெரிசியம் 241 இருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். புகை நுழைந்தால் ஓட்டம் குறையும். இன்று அதிகம் பயன்படும் வகையில் இருட்டான சிறு அறைக்குள் ஓர் ஒளிக்கற்றை போகும். அருகில் இருக்கும் ‘கண்’ நேராக அந்த ஒளியைப் பார்க்காதபடி தள்ளி வைக்கப்பட்டிருக்கும். புகை நுழைந்ததும் ஒளி சிதறிக் கண்ணில் படும். சன்னல் வழியாக வெயில் வரும்போது மட்டும் அறையில் தூசி பறப்பது தெரியுமே, அதே அறிவியல்தான். சமையலறையில் புகை வகை வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் மணி அடிக்கும் என்பதால் அங்கே வெப்ப வகை.

நெருப்பு கற்றுக்கொடுத்த பாடங்கள்

கருவி எங்கோ பிறந்துவிட்டது. சிங்கப்பூருக்கு அதன் தேவை எப்போது உறைத்தது? வருத்தமான பதில்தான். ஒவ்வொரு முறையும் தீக்குப் பிறகுதான்.

1950களிலும் 60களிலும் இங்கே மக்கள் பயந்தது கம்பத்துத் தீயை. மரமும் அத்தாப்பும் வேய்ந்த வீடுகள் நெருக்கியடித்து நின்றன. 1959-ல் தியோங் பாரு கம்பம் எரிந்தது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீயில் பிற்பகலில் பற்றிய தீ காற்றோடு ஓடியது. 4 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கட்டுமான வேகத்துக்கு இந்தத் தீயும் ஒரு காரணம் என்று நம் சமூகவியல் பாடங்களில் படித்திருப்போம். கம்பத்துத் தீக்கு விடை கான்கிரீட் வீடு. அங்கே எச்சரிக்கை மணிக்குப் பெரிய வேலையில்லை. தீ பற்றியதை ஊரே பார்த்துவிடும். ஓடுவதற்குத்தான் வழியில்லை.

கான்கிரீட் நகரம் வேறொரு தீயைக் கொண்டுவந்தது. 1972 நவம்பர் 21, காலை. ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் கடை தீப்பற்றியது. 1858-லிருந்து வணிகம் செய்த நிறுவனம். நகரத்தின் பெருமை என்று சொல்லப்பட்ட கடை. பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள். ஆனாலும் 9 பேர் இறந்தார்கள். மின்தூக்கியில் சிக்கி உயிரிழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. மின்கோளாறிலிருந்து தீ தொடங்கியதாகத் தெரியவந்தது.

இந்த இரண்டு தீயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கம்பத்தில் தீ வெளியே தெரிந்தது. பல மாடிக் கட்டடத்தில் அது சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் மறைந்து வளர்ந்தது. ஒரு மாடியில் எரிவது அடுத்த மாடிக்காரருக்குத் தெரியாது. ஜாகாவின் கண்ணும் கோபுரத்தின் கண்ணும் இங்கே எட்டாது. ஒவ்வொரு கூரையிலும் ஒரு கண் வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் வணிகக் கட்டடங்களுக்கான தீ உணர்கருவிகளின் சந்தை இங்கே வளர்ந்தது.

தொழிற்சாலையிலிருந்து கூரை வரை

இனி நம் மூடியைத் தேடிப் போவோம். கருவி எந்தக் கைகளைக் கடந்து தேக்கா பக்கத்துக் கடைவீட்டுக்கு வருகிறது?

உலகில் இந்தக் கருவிகளைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் சில. ஜப்பானின் ஹோச்சிகி 1918-ல் தொடங்கியது. அந்தப் பெயருக்கே ‘அறிவிக்கும் கருவி’ என்றுதான் பொருள். செர்பெரஸ் பின்னால் ஜெர்மனியின் சீமென்ஸ் குழுமத்தோடு சேர்ந்தது. இங்கிலாந்தின் ஹேவண்ட் நகரில் அப்போலோ 1980 முதல் உணர்கருவி செய்கிறது. சென்னையிலும் ரேவல் போன்ற நிறுவனங்கள் தீ எச்சரிக்கை அமைப்புகளைத் தயாரிக்கின்றன. நம்மவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

வணிகக் கட்டடத்துக்கான இந்தக் கருவிகளைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் நேராகக் கட்டட உரிமையாளரிடம் விற்பதில்லை. வட்டார முகவர், விநியோகஸ்தர், அமைப்பைப் பொருத்தும் கான்ட்ராக்டர் என்று வணிகப் பங்காளிகள் வழியாகத்தான் விற்கிறார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. உணர்கருவி தனியாக ஒன்றும் செய்யாது. அதோடு கட்டுப்பாட்டுப் பேனல், கம்பி, மணி, கண்ணாடி உடைக்கும் பொத்தான், மின்சாரம் போனாலும் ஓட வைக்கும் மின்கலம் எல்லாம் சேர வேண்டும். உத்தரம் எங்கே ஓடுகிறது, குளிரூட்டியின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. இங்கிலாந்துத் தொழிற்சாலைக்காரர் சிராங்கூன் சாலையில் ஏணி போட முடியாது. அதனால் உள்ளூர்ப் பங்காளிக்குப் பயிற்சி கொடுக்கிறார், பேனலை அமைக்கும் மென்பொருளைக் கொடுக்கிறார், பொருளை இருப்பில் வைக்கச் சொல்கிறார்.

சிங்கப்பூருக்கு இது புதிதா என்ன? இடைத்தரகு வணிகத்தில் வளர்ந்த துறைமுகம் இது. ஜாலான் புசார் பக்கம் போனால் இன்றும் இரும்புச் சாமான், விளக்கு, மின்பொருள் கடைகளைப் பார்க்கலாம். பொருள் ஓரிடத்தில் செய்யப்படும், இன்னோரிடத்தில் பயன்படும், நடுவில் நம்பிக்கையான ஒரு கை வேண்டும். மிளகுக்கும் துணிக்கும் இருந்த அதே ஏற்பாடுதான் புகை உணர்கருவிக்கும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மிளகு கெட்டுப்போனால் வாங்கியவருக்கு அன்றே தெரியும். துணி சாயம் போனால் முதல் துவையலில் தெரியும். புகை உணர்கருவி வேலை செய்யாவிட்டால்? தீ வரும் நாள் வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் பொருளுக்கு நல்ல பெயர் மட்டும் போதாமல் தாளும் முத்திரையும் தேவைப்படுகின்றன. சிங்கப்பூரில் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு சோதனை அறிக்கைகளைப் பார்த்து இணக்கச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் இத்தகைய பொருளைக் கட்டடத்தில் பொருத்தலாம்.

இன்னொன்றையும் கட்டட நிர்வாகிகள் சொல்லக் கேட்கலாம். சில தயாரிப்பாளர்களின் கருவி வேறு நிறுவனத்துப் பேனல்களோடும் பேசும். அது ‘திறந்த’ ஏற்பாடு. சிலருடையது தன் நிறுவனத்துப் பேனலோடு மட்டுமே பேசும். அது ‘மூடிய’ ஏற்பாடு. மூடியதில் பொறுப்பு ஒரே கையில் இருக்கும் என்பது நன்மை. பத்து ஆண்டு கழித்து ஒரு கருவியை மாற்றவும் அதே ஆளிடம்தான் போக வேண்டும், அவர் சொல்வதுதான் விலை என்பது தொல்லை. வாங்குகிற அன்றே இதைக் கேட்பவர்கள் குறைவு.

இப்போது நம் மூடி. தொழிற்சாலை அதை அக்கறையோடுதான் போட்டு அனுப்பியது. வேலை முடிந்ததும் கழற்றவும் என்று கையேட்டில் எழுதியும் அனுப்பியது. விநியோகஸ்தர் பெட்டியைப் பிரிக்காமல் கான்ட்ராக்டரிடம் கொடுத்தார். பொருத்தியவர், ‘இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை, பிறகு கழற்றலாம்’ என்று சரியாகவே விட்டுப் போயிருப்பார். பெயிண்டர் வந்தார், அடித்தார், போனார். அவருக்கு அது கூரையில் இருக்கும் ஏதோ ஒன்று. பராமரிப்புக்கு வந்தவர் கோலின் நுனியில் சோதனைப் புகையைக் காட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஏட்டில் மட்டும் குறி போட்டிருக்கிறார். கடைசியாக அந்த அறைக்கு வந்தவள் நான். இரண்டு ஆண்டுகள் அதன் கீழே உட்கார்ந்து பாடம் நடத்தினேன். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்து, ‘இது என்ன?’ என்று கேட்கவில்லை. மாணவர்களிடம் மட்டும் கேள்வி கேட்கப் பழகுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

சட்டம் பிடித்த கை

இத்தனை கைகளில் யாராவது ஒருவர் தவறினாலும் இன்னொருவர் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் சட்டம். 1989-ல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாயின. 1993-ல் தீப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 200 பேருக்கு மேல் கூடக்கூடிய பொதுக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். தகுதிபெற்ற பொறியாளர் வந்து அமைப்பைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். தீ எச்சரிக்கை அமைப்பைப் பொருத்துவதற்கும் பராமரிப்பதற்கும் சிபி 10 என்ற நடைமுறை விதி நெடுநாள் இருந்தது. 2019-ல் எஸ்எஸ் 645 அந்த இடத்துக்கு வந்தது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, பழைய கட்டடங்களிலும் தீப் பாதுகாப்பை மேம்படுத்தச் சொல்லும் அதிகாரத்தைப் படைக்குக் கொடுத்தார்கள்.

வீடுகளுக்கும் முறை வந்தது. 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீட்டில் அனுமதி தேவைப்படும் தீப் பாதுகாப்பு வேலைகள் செய்தாலும் பொருத்த வேண்டும். 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் கேட்கும் கருவி அது. பழைய வீட்டில் இருப்பவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனால் வாங்கி மாட்டத் தடையும் இல்லை. 2022 மே 13 அன்று பிடோக் நார்த்தில் ஒரு வீட்டில் நடந்த தீயில் 3 பேர் இறந்தார்கள். ஒருவர் மூன்று வயதுக் குழந்தை. அதன்பின் பல குடும்பங்கள் இந்தக் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கின. மறுபடியும் தீக்குப் பிறகுதான்.

லிட்டில் இந்தியாவுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 1989-ல் இது பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. கடைவீடுகளின் முகப்பையும் அமைப்பையும் காக்க வேண்டும். மரத்தளம், மரப்படி, ஒட்டி ஒட்டி நிற்கும் சுவர். கீழே அடுப்பு எரியும் கடை, நடுவில் அலுவலகம் அல்லது வகுப்பு, மேலே தங்குபவர்கள். தப்பிக்க வழி குறைவாக உள்ள இடத்தில் எச்சரிக்கை இன்னும் சீக்கிரம் வர வேண்டும். நாலைந்து நிமிடம் முன்னதாகத் தெரிவதற்கு அங்கே இருக்கிற மதிப்பு அகலமான படிக்கட்டுள்ள புதிய கட்டடத்தில் இருக்காது.

மணி அடித்த பிறகு

கருவி மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. 2014 ஜனவரி 13 அன்று மரினா பே சூட்ஸ் உயர்மாடிக் கட்டடத்தில் தீ. என்னவென்று பார்க்க மின்தூக்கியில் மேலே போன பாதுகாப்பு அதிகாரிகள் இருவர் புகையில் உயிரிழந்தார்கள். மணி அடித்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்ற பயிற்சியும் அமைப்பின் ஒரு பகுதிதான்.

ஆசிரியர்களாகிய நமக்கு மறக்க முடியாத நாள் 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையலறையில் தொடங்கிய தீ வகுப்பறையின் கூரைக் கீற்றில் ஏறியது. 94 குழந்தைகள் போனார்கள். அங்கே புகை உணர்கருவி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. கீற்றுத் தீக்கு முன் மணி என்ன செய்யும்? அங்கே முதலில் வேண்டியிருந்தது எரியாத கூரையும் இறங்கும் வழியும். கருவி நேரத்தைத்தான் வாங்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் ஓட வழி இருக்க வேண்டும், வழி காட்ட ஆள் இருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 8-ஐ நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ரிவர் வேலி சாலையில் ஒரு மூன்று மாடிக் கடைவீடு. உள்ளே பிள்ளைகளுக்கான வகுப்புகள். புகை சூழ்ந்து பிள்ளைகள் மாடிச் சன்னல் விளிம்பில் நின்றார்கள். அருகே வேலை செய்துகொண்டிருந்த இந்திய வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பிள்ளைகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருவர் இறந்துபோனார். மனிதவள அமைச்சு பின்னர் அந்த ஊழியர்களைப் பாராட்டிச் சிறப்பித்தது. அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு என் பன்னிரண்டு பிள்ளைகளும் அந்த மரப்படியும்தான் நினைவுக்கு வந்தன. மஞ்சள் மூடியைக் கழற்றிக் கையில் வைத்த தம்பியும் நினைவுக்கு வந்தார். அவரும் ஏணியோடு வந்தவர்தான். தீ வருவதற்கு முன்பே வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அவரை யாரும் படம் எடுக்கவில்லை. நானும் ஒரு கோப்பை தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

யார் கழற்றியிருக்க வேண்டும் என்று கேட்டேனே, எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: எழுதி வைத்தபடி பார்த்தால் அது பொருத்தியவரின் வேலை, தவறினால் சோதித்தவரின் வேலை. ஆனால் அந்த வரிசையின் கடைசியில் அறைக்குள் உட்காரும் நாமும் இருக்கிறோம். நமக்குத் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்து, தெரியாததைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

உயர்நிலை முதல் இரண்டு வகுப்புகளுக்கு இந்தப் பாடம் பொருந்தும். தொடக்கநிலை மேல்வகுப்புகளில் வெண்ணெய்க் கதையையும் சிகரெட் கதைகளையும் மட்டும் வாய்மொழியாகச் சொல்லலாம்.

1. கூரை நடை: மாணவர்களை இருவர் இருவராகப் பள்ளி வளாகத்தில் நடக்கவிட்டு, கூரையிலும் சுவரிலும் உள்ள தீப் பாதுகாப்புப் பொருட்களைப் பட்டியலிடச் சொல்லுங்க. எதையும் தொடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் தேடட்டும். புகை உணர்கருவி, வெப்ப உணர்கருவி, எச்சரிக்கை மணி, தெளிப்பான், அவசர வழி ஆகிய சொற்கள் இயல்பாக வந்துவிடும்.

2. கைமாறும் கதை: ஒரு மாணவர் தொழிற்சாலை, ஒருவர் விநியோகஸ்தர், ஒருவர் பொருத்துபவர், ஒருவர் பெயிண்டர், ஒருவர் பராமரிப்பாளர், ஒருவர் ஆசிரியர். ஒரு செய்தியை வரிசையாகக் காதோடு காதாகச் சொல்லி அனுப்பட்டும். கடைசியில் எது தொலைந்தது என்று கலந்துரையாடலாம். பேச்சுத் தமிழுக்கு நல்ல பயிற்சி.

3. நேர்காணல்: வீட்டுப் பெரியவர்களிடம் கம்பத்துத் தீ, ஜாகா, ராபின்சன்ஸ் பற்றிக் கேட்டு அரைப்பக்கம் எழுதி வரட்டும். அடுக்குமாடிக்கு முந்தைய வாழ்க்கையை நினைவு வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

4. விவாதம்: ‘பழைய வீடுகளிலும் தீ எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்க வேண்டும்.’ இரு பக்கமும் பேச வாய்ப்பு உண்டு.

5. வீட்டுப் பயிற்சி: வீட்டில் கருவி இருந்தால் பெற்றோரோடு சேர்ந்து சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் 995 என்ற எண்ணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டட்டும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்க தலைக்கு மேலே இருப்பதை முதலில் பாருங்க. மஞ்சள் மூடியோ வேறு நிற மூடியோ மாட்டியிருந்தால் நீங்களே ஏற வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் இன்றைக்கே சொல்லிவிடுங்க.